மறைந்த நோட்டும் ஒரு நோட்டுதான்

கேள்வி:

நான் வயலின் ஆசிரியை. என் மாணவர்கள் சேர்ந்து வாசிக்கும் சிறு தந்தி வாத்தியக் குழுவுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனில் பகுதிகள் எழுதித் தருகிறேன். அதற்கு லில்லிபாண்ட் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இப்போது எழுதும் உருப்படியில் ஒரே ஒரு பார் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

4/4 தாளம். கீ சிக்னேச்சரில் ஷார்ப், ஃபிளாட் எதுவும் இல்லை. முதல் வயலின் டி கம்பியில் ஈ நோட்டைப் பிடித்து, இரண்டு பீட் நேரம் மேல்நோக்கி வழுக்கிக்கொண்டே போய், குறிப்பிட்ட எந்த நோட்டிலும் நிற்காமல் ஓய வேண்டும். அடுத்து ஒரு பீட் ரெஸ்ட். நான்காவது பீட்டில் மேலே உள்ள எஃப் ஷார்ப்பைப் புதிதாக எடுக்க வேண்டும்.

கிளிஸாண்டோ கோடு போய்ச் சேர ஏதாவது ஒரு நோட் வேண்டும் என்பதால், ஈ மினிமுக்குப் பிறகு ஓர் எஃப் ஷார்ப் குரோட்செட்டை எழுதி அதை மறைத்துவிட்டேன். அதன்பின் நான்கு தொல்லைகள். பாரில் பீட் கூடிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. கோடு நான் நினைத்த இடம்வரை போகாமல் பாதியிலேயே நிற்கிறது. நான்காவது பீட்டில் வரும் எஃப்புக்கு முன்னால் இருக்க வேண்டிய ஷார்ப் காணாமல் போய்விட்டது. மாணவர்கள் எஃப் என்றே வாசிக்கிறார்கள். மிடியில் கேட்டால் மறைத்த நோட் தெளிவாக ஒலிக்கிறது. மறைத்து எழுதும் முறையே தவறா? இதற்கு வேறு வழி உண்டா?

– வாசகி, நாகர்கோவில்

பதில்:

முறை தவறில்லை. முடிவு நோட் இல்லாத கிளிஸாண்டோவுக்கு மறைத்த நோட்டை வைக்கும் வழியை லில்லிபாண்டின் கையேடே காட்டுகிறது. உங்கள் நான்கு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். மறைக்கப்பட்ட நோட் வாசிப்பவர் கண்ணிலிருந்து மட்டுமே மறைகிறது. மென்பொருளைப் பொறுத்தவரை அது முழு நோட். தாளத்தில் அதற்கு நேரம் உண்டு, தாளில் இடம் உண்டு, ஷார்ப் ஃபிளாட் கணக்கில் பங்கு உண்டு, மிடியில் ஒலி உண்டு. இந்த நான்கையும் நீங்களாக முடிவு செய்து எழுதினால் அந்த பார் ஒழுங்காக வந்துவிடும்.

ஒரு சிறு விளக்கம். இந்தப் பத்தியில் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். உங்கள் கோப்பில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பின்சாய்கோட்டில் தொடங்கும் கட்டளையில் சொற்கள் ஒட்டி வந்தால், இரண்டாவது சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து.

கோடு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

1996-இல் ஹான்-வென் நியன்ஹாய்ஸ், யான் நியுவன்ஹாய்சன் என்ற இரு டச்சுக்காரர்கள் லில்லிபாண்டைத் தொடங்கினார்கள். மவுஸால் கோட்டை இழுத்து வைக்கும் மென்பொருள் அல்ல அது. இசையை எழுத்தாக அடித்துத் தருகிறோம். எது எங்கே நிற்க வேண்டும் என்பதை அது கணக்கிட்டு வரைகிறது. அதனால் கிளிஸாண்டோவுக்கு நீளமும் சாய்வும் நாம் சொல்வதில்லை. ஒரு நோட்டின் பின்னால் \கிளிஸாண்டோ என்று போட்டால், அதே குரலில் அடுத்து வரும் நோட் எது என்று பார்த்து, இரண்டு நோட் தலைகளுக்கும் நடுவே கோடு போடுகிறது. இடையில் வரும் ரெஸ்ட்டைத் தாண்டியும் அடுத்த நோட்டைத் தேடும். அதனால்தான் உங்கள் பாரில் மறைந்த நோட்டை வைக்காவிட்டால் கோடு ரெஸ்ட்டைக் கடந்து நேராக நான்காவது பீட்டின் எஃப் ஷார்ப்பில் போய் முட்டியிருக்கும். நீங்கள் நோட்டை வைத்தது சரியான யோசனை.

இங்கே மறைப்பதற்கும் நீக்குவதற்கும் உள்ள வேறுபாடு முக்கியம். \ஹைட் கட்டளை ஒரு பொருளைக் கண்ணுக்குத் தெரியாததாக்கும். அதன் அகலமும் உயரமும் அப்படியே இருக்கும். \ஓமிட் கட்டளை அதன் உருவத்தையே எடுத்துவிடும். நோட் தலையை ஓமிட் செய்தால் கோட்டுக்குப் பிடிமானம் போய்விடும். ஆகவே கிளிஸாண்டோவின் முனையில் மறைப்பதே சரி.

அதற்கு \ஹைட்நோட்ஸ் என்ற தயார்க் கட்டளையையே பயன்படுத்துங்கள். அது நோட் தலை, தண்டு, கொடி, பீம், புள்ளி, ஷார்ப் ஃபிளாட் குறி எல்லாவற்றையும் சேர்த்து மறைக்கும். ஸ்டாஃபுக்கு வெளியே போகும் நோட்டின் லெட்ஜர் கோடுகளையும் நிறுத்தும். நோட் தலையை மட்டும் தனியாக மறைத்தால் தண்டும் லெட்ஜர் கோடுகளும் வெற்றிடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே நோட்டுக்கு என்றால் அதன் முன்னால் \ஒன்ஸ் \ஹைட்நோட்ஸ் என்று சேர்த்து எழுதுங்கள். \அன்ஹைட்நோட்ஸ் போட மறந்து, பின்னால் வரும் நோட்டுகள் வரிசையாக மறைந்துபோகும் சிக்கல் அப்போது வராது.

நேரம்: எங்கிருந்து எடுப்பது?

நீங்கள் எழுதியது மினிம், மறைத்த குரோட்செட், குரோட்செட் ரெஸ்ட், குரோட்செட். மொத்தம் ஐந்து பீட். லில்லிபாண்ட் சொன்ன எச்சரிக்கை நியாயமானதுதான். மறைந்த நோட்டுக்கான நேரத்தை மினிமிலிருந்தே எடுக்க வேண்டும்; ஆனால் தாளில் அது மினிமாகவே தெரிய வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கால அளவைப் பெருக்குவது. நோட்டின் கால எண்ணுக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு ஒரு பின்னம் எழுதினால், அச்சில் நோட்டின் உருவம் மாறாது. கணக்கில் மட்டும் நேரம் மாறும். மினிமை முக்கால் ஆக்கினால் அது ஒன்றரை பீட் எடுக்கும். மீதி அரை பீட்டை மறைந்த நோட்டுக்குக் கொடுக்கலாம். அந்த நோட்டை குவேவராக எழுதாமல், பாதியாக்கிய குரோட்செட்டாக எழுதுவது நல்லது. குவேவராக இருந்தால், பக்கத்தில் வேறு குவேவர் வரும் பார்களில் தானாகப் போடப்படும் பீம் மறைந்த நோட்டையும் சேர்த்துக் கட்டிவிடும். குரோட்செட்டுக்குப் பீம் இல்லை என்பதால் அந்தக் கவலை இல்லை. உங்கள் பார் இப்படி அமையும்:

ஈ'2*3/4 \கிளிஸாண்டோ \ஒன்ஸ் \ஹைட்நோட்ஸ் எஃப்''4*1/2 ஆர்4 ஃபிஸ்''4

கூட்டிப் பாருங்கள்: ஒன்றரை, அரை, ஒன்று, ஒன்று. நான்கு பீட் சரியாக வருகிறது. குழுவாக வாசிக்கும் இசைக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். வழுக்கல் எந்த இடத்தில் ஓய்கிறது என்பது மற்ற வாத்தியங்களின் நோட்டுகளோடு நேர்கோட்டில் வந்து நிற்கும்.

இரண்டாவது வழி, \ஆஃப்டர்கிரேஸ். முதன்மை நோட்டுக்குப் பின்னால் தொங்கும் கிரேஸ் நோட்டாக மறைந்த நோட்டை எழுதுவது. கிரேஸ் நோட் பாரின் கணக்கில் சேராது. வழக்கமாக முதன்மை நோட்டின் முக்கால் பங்கு நேரம் கடந்த இடத்தில் வந்து உட்காரும். பாட்டுக்குரிய பகுதிகளுக்கு இதுவே சிறந்தது. மறைந்த நோட் சாதாரண நோட்டாக இருந்தால், பாடல் வரியின் ஓர் அசை அதன் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து எல்லா அசைகளும் ஒரு நோட் தள்ளிப்போகும். கிரேஸ் நோட்டுக்கு லில்லிபாண்ட் இயல்பாக அசை கொடுப்பதில்லை. குரலிசைக் குழுவுக்கு எப்போதாவது எழுதினால் இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வழி கையேட்டில் இருப்பது. \கடென்சாஆன் போட்டு பார் எண்ணுவதை நிறுத்தி, மறைந்த நோட்டை எழுதி, \கடென்சாஆஃப் போட்டு, பார் கோட்டைக் கையால் இடுவது. தனி வாத்தியத்துக்கு எழுதும்போது இது எளிது. ஆனால் பார் எண்ணிக்கை எல்லா ஸ்டாஃபுக்கும் பொதுவானது. ஒரு வயலினுக்காக எண்ணுவதை நிறுத்தினால் செல்லோவுக்கும் நின்றுவிடும். கூடுதலாகச் சேர்ந்த நேரத்தால் மற்ற பகுதிகள் முன்பின்னாகும். உங்கள் குழுவுக்கு இது ஒத்துவராது.

இடமும் ஷார்ப்பும்

இரண்டாவது, மூன்றாவது தொல்லைகள் ஒன்றாகப் பிறந்தவை. மறைந்த எஃப் ஷார்ப்பின் முன்னால் மறைந்த ஷார்ப் ஒன்றும் இருக்கிறது. கிளிஸாண்டோ கோடு முடியும் இடத்தில் ஷார்ப்போ ஃபிளாட்டோ இருந்தால் அதை வெட்டாமல் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும் என்பது லில்லிபாண்டின் இயல்பான ஏற்பாடு. அந்த ஷார்ப் தெரிகிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. உங்கள் கோடு பாதியில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

அதே ஷார்ப்தான் நான்காவது பீட்டையும் கெடுத்தது. ஒரு பாரில் ஒரு ஷார்ப் வந்துவிட்டால், அந்த பார் முடியும்வரை அதே ஸ்தாயியில் அதே நோட்டுக்கு மறுபடி ஷார்ப் போடத் தேவையில்லை என்பது நொட்டேஷனின் பொது விதி. லில்லிபாண்ட் அதைக் கடைப்பிடித்தது. முதல் ஷார்ப்பை ஏற்கெனவே போட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டது. மாணவர்கள் எஃப் என்று வாசித்தது அவர்கள் பிழையில்லை. அவர்கள் கையில் இருந்த தாள் எஃப் என்றுதான் சொன்னது. மறைந்த நோட்டால் வரும் கேடுகளில் இதுவே மிக மோசமானது. பீட் கூடினால் எச்சரிக்கை வரும். ஷார்ப் தொலைந்தால் எந்த எச்சரிக்கையும் வராது.

இதற்குத் தீர்வு எளிது. ஸ்டாஃபில் எஃப்பும் எஃப் ஷார்ப்பும் ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. கிளிஸாண்டோவின் சாய்வுக்குத் தேவை அந்த உயரம் மட்டுமே. அதனால் மறைந்த நோட்டை எப்போதும் கீ சிக்னேச்சரில் உள்ளபடியே, புதிய குறி எதையும் வரவழைக்காத விதத்தில் எழுதுங்கள். மேலே தந்த வரியில் மறைந்த நோட்டை வெறும் எஃப்பாகவும், கடைசி நோட்டை ஃபிஸ் என்றும் எழுதியது இதற்காகத்தான். ஜி மேஜரில் எழுதுவதாக இருந்தால் மறைந்த நோட்டையும் ஃபிஸ் என்றே எழுத வேண்டும். வெறும் எஃப் என்றால் மறைந்த நேச்சுரல் குறி முளைத்து அதே சிக்கல் திரும்ப வரும். வேறு காரணத்தால் நோட்டை மாற்ற முடியாவிட்டால் இரண்டு காரியம் செய்யுங்கள். கிளிஸாண்டோவின் வலது முனைக்குரிய எண்ட்-ஆன்-ஆக்ஸிடென்டல் அமைப்பை அணைத்துவிடுங்கள். பின்னால் வரும் நோட்டின் பெயரை அடுத்து ஒரு ஆச்சரியக்குறி போடுங்கள்; ஷார்ப் கட்டாயம் அச்சாகும்.

ஷார்ப் போன பிறகும் கோடு மறைந்த தலைக்குச் சற்று முன்பே நிற்கும். நோட் தலையைத் தொடாமல் இருக்க, ஸ்டாஃப் கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியை இரு முனையிலும் இடைவெளியாக விடுவது அதன் வழக்கம். தலை தெரியாதபோது அந்த இடைவெளி தேவையில்லை. வலது முனையின் பேடிங் அளவைச் சுழியமாக்கினால் கோடு தலை இருக்கும் இடம்வரை வரும். கழித்தல் ஒன்று என்று கொடுத்தால் தலையின் இடத்துக்குள்ளும் நீளும். இரண்டு நோட்டுகளும் நெருங்கிக் கோடு குறுகிப்போனால், மினிமம்-லெங்த் அளவோடு ஸ்பிரிங்ஸ்-அண்ட்-ராட்ஸ் அமைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போதுதான் கோட்டுக்காக நோட்டுகள் விலகி இடம் விடும். கிளிஸாண்டோ நடுவில் வரி உடையாது என்பதும் இயல்பான ஏற்பாடு. நீண்ட வழுக்கல் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்றால் பிரேக்கபிள், ஆஃப்டர்-லைன்-பிரேக்கிங் இரண்டையும் இயக்க வேண்டும். கோட்டின் மேலேயே சாய்வாக “கிளிஸ்.” என்று எழுத லில்லிபாண்டில் நேரடி வசதி இல்லை, தொடக்க நோட்டின் மேலே சாதாரண எழுத்தாகப் போட்டால் போதும்.

ஒலி

மிடியில் கேட்பது சரிபார்ப்பதற்கு மட்டும் என்றால் மறைந்த நோட்டின் ஒலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் வீட்டில் கேட்டுப் பழக அந்த ஒலிக்கோப்பைக் கொடுக்கிறீர்கள் என்றால் சரிசெய்தே ஆக வேண்டும். \டேக் கட்டளையால் அந்த இரண்டு பீட்டுக்கு இரண்டு வடிவம் எழுதுங்கள்: அச்சுக்கு மறைந்த நோட்டோடு, ஒலிக்கு வெறும் ஈ மினிம். அச்சுப் பகுதியிலும் மிடிப் பகுதியிலும் \கீப்வித்டேக் போட்டு உரியதைத் தேர்ந்தெடுக்கலாம். கிளிஸாண்டோ கோட்டை மிடி வழுக்கலாக வாசிக்காது. அந்த ஒலியை நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

எப்போது மறைக்கக் கூடாது?

கட்டளைகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். மறைந்த நோட்டுக்கு மென்பொருளில் இடம் கொடுக்கலாம். ஆனால் வாசிப்பவருக்குத் தெரிய வேண்டிய செய்தியை அதற்குள் ஒளித்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் நோட்டை மறைக்கும் முன், இந்த வழுக்கல் எங்கே போகிறது என்று வாசிப்பவர் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று யோசியுங்கள்.

குறிப்பிட்ட ஸ்வரத்துக்குப் போகிறது என்றால் அதைக் காட்டிவிடுங்கள். கெர்ஷ்வினின் 1924-ஆம் ஆண்டு படைப்பான ராப்சடி இன் புளூ ஒரு கிளாரினெட் கிளிஸாண்டோவோடு தொடங்குகிறது. கேட்க எவ்வளவு கட்டற்றதாக இருந்தாலும் அது போய்ச் சேரும் உச்சி பி ஃபிளாட் என்பதில் சந்தேகமே இல்லை. முடிவு நோட்டைத் தனியாக அழுத்தி வாசிக்க வேண்டாம் என்றால், தண்டில்லாத சிறிய நோட்டாக, \பேரென்தசைஸ் கட்டளையால் அடைப்புக்குறிக்குள் போடலாம்.

“முடிந்தவரை உச்சம்” என்பது உங்கள் பதிலானால் அதற்கும் தனி அடையாளம் உண்டு. பென்டரெட்ஸ்கி 1960-இல் 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய, ஹிரோஷிமாவில் மாண்டோருக்கான இரங்கல் இசையின் தொடக்கத்தில், வாத்தியத்தின் மிக உயர்ந்த ஒலியைக் குறிக்க முக்கோணத்தைப் பயன்படுத்தினார். லில்லிபாண்டில் நோட் தலையை முக்கோணமாக்க முடியும். அப்படிப்பட்ட இடத்தில் மறைத்தால் அந்தச் செய்தியே தொலைந்துபோகும்.

ஜாஸில் வருவது போல நோட்டின் கடைசியில் சட்டென்று சரிந்தோ எழும்பியோ ஓய்வது என்றால் மறைந்த நோட்டே தேவையில்லை. நோட்டின் பின்னால் \பெண்ட்ஆஃப்டர் போட்டு ஓர் எண் கொடுத்தால் வளைந்த சிறு கோடு வரும். கூட்டல் எண் மேலே, கழித்தல் எண் கீழே. இதனால் நேரம், ஷார்ப், மிடி எதுவும் பாதிக்கப்படாது. ஆனால் உங்கள் வழுக்கல் இரண்டு பீட் முழுக்க நீள்வது. அதற்கு இந்தக் குட்டை வளைவு பொருந்தாது.

பல பார்களுக்கு நீளும் வழுக்கல் இன்னொரு வகை. செனாக்கிஸ் 1953-54-இல் எழுதிய மெட்டாஸ்டாஸிஸில் 61 இசைக்கலைஞர்கள். அவர்களில் 46 பேர் தந்தி வாத்தியக்காரர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பகுதி. தொடக்கத்தில் ஒரே ஜி-யிலிருந்து தந்திகள் கிளிஸாண்டோவாகப் பிரிந்து விரிகின்றன. இவ்வளவு நீண்ட கோட்டில் நடுவழியில் எந்த பீட்டில் இருக்கிறோம் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக நோட் தலையை மட்டும் மறைத்துத் தண்டுகளைக் கோட்டின் வழியே நிறுத்துவது வழக்கம். லில்லிபாண்ட் அடுத்த நோட்டிலேயே கோட்டை முடித்துவிடும் என்பதால், இடையில் வரும் நோட்டுகளுக்கு நோட்காலமின் கிளிஸாண்டோ-ஸ்கிப் அமைப்பை இயக்க வேண்டும். லெட்ஜர் கோடுகளையும் நிறுத்த வேண்டும். இங்கே தண்டுகள் தெரிய வேண்டும் என்பதால் \ஹைட்நோட்ஸ் உதவாது. தண்டும் வேண்டாம் என்றால் வெற்று இடைவெளியான எஸ் போட்டு நேரத்தைக் கடத்தலாம். கோடு அதைத் தாண்டி அடுத்த நோட்டுக்குப் போய்விடும்.

உங்கள் பாருக்கு வருவோம். எந்த ஸ்வரத்திலும் நிற்காமல் ஓய வேண்டும் என்பது உங்கள் விருப்பம். அங்கே மறைப்பதே நேர்மையான எழுத்து. ஆனால் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதில் உங்களுக்கு ஓர் எண்ணம் இருக்கும். அந்த உயரத்தில் மறைந்த நோட்டை வையுங்கள். கோட்டின் சாய்வு அதைச் சொல்லிவிடும். நீங்கள் வயலின் ஆசிரியை என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். எட்டயபுரத்தில் 1904-இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு எனும் வழுக்கல்களுக்குச் சாய்கோடுகளையே குறியாக வைத்தார். அங்கே கோடு திசையைச் சொல்கிறது. எப்படி, எப்போது நகர்வது என்பதைப் பாடாந்தரம் சொல்கிறது. ஸ்டாஃபில் போடும் கிளிஸாண்டோ கோட்டை, நோட்டின் நேரம் முழுக்கச் சீராக நகர்வது என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் மனதில் இருப்பது கடைசியில் மட்டும் விரையும் ஜாரு என்றால், அதை ஒரு சொல்லில் மேலே எழுதிவிடுங்கள்.

சரிபார்க்க ஒரு பழக்கம்

கண்ணுக்குத் தெரியாத நோட்டை எப்படிப் பிழைதிருத்துவது? லில்லிபாண்டில் நாமே கட்டளைக்குப் பெயர் வைக்கலாம். எழுத்துகளால் மட்டும் ஆன பெயராக இருந்தால் தமிழிலும் வைக்கலாம், கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். கோப்பின் தொடக்கத்தில் \மறை என்று ஒரு கட்டளையை வரையறுத்து, மறைக்க வேண்டிய ஒவ்வொரு நோட்டின் முன்னாலும் \ஒன்ஸ் \மறை என்று எழுதுங்கள். சரிபார்க்கும் காலத்தில் அந்தக் கட்டளைக்கு நோட் தலையைச் சிவப்பாக்கும் பொருளைக் கொடுங்கள். மறைந்த நோட்டும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது என்பதால், சிவப்பு நோட்டுகளோடு பார்க்கும் பக்கம் இறுதிப் பக்கத்தின் அமைப்பிலிருந்து பெரிதாக மாறாது. எந்த நோட் எங்கே ஒளிந்திருக்கிறது, அதன் முன்னால் தேவையற்ற ஷார்ப் முளைத்திருக்கிறதா, பீம் எதையாவது சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். திருத்தி முடித்ததும் தொடக்கத்தில் உள்ள அந்த ஒரு வரியை \ஹைட்நோட்ஸ் என்று மாற்றுங்கள். சிவப்பு நோட்டுகள் அனைத்தும் ஒருசேர மறையும்.

அதன்பிறகு மாணவர்களுக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மறைந்த நோட் உள்ள ஒவ்வொரு பாரிலும், அதற்குப் பின்னால் வரும் நோட்டுகளின் ஷார்ப், ஃபிளாட் குறிகளை அச்சான தாளை வைத்து விரலால் தொட்டுச் சரிபாருங்கள்.